முதல் நட்டு

மெக்கானிக் அழகன் பாஸின் கைக்குப் பயந்து தாமாகவே கழன்ற நட்டுகள் மலைநாட்டில் நிறைய உண்டு. வலப்பனையில் ஒரு லொறியின் சில்லு நட்டு துருப்பிடித்து இறுகிப்போய், கடைசியில் பெரஹரா ஊர்வலத்துக்கு வந்த யானையைக் கூப்பிட்டுக் கம்பியில் கட்டி இழுக்க விட்டார்கள். யானை லொறியைச் சந்தை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. நட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. அக்கரப்பத்தனையிலிருந்து அழகன் பஸ் ஏறிப் போய், அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஸ்பேனரை எடுத்துச் சாரத்தில் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் நட்டு தானாகச் சுற்றிக்கொண்டு அவர் காலடியில் வந்து விழுந்தது. யானை வெட்கப்பட்டு மறுவருஷம் பெரஹராவுக்கு வரவில்லை. இதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் சொன்னது. அழகனைக் கேட்டால், "யானை காய்ச்சல்ல கெடந்துச்சு, பாவம், அதைப் போயி குத்தம் சொல்லப்படாது" என்பார்.

அப்படிப்பட்ட கை செத்தது ஒரு பனிக்காலக் காலையில், மலையிலிருந்து குழாய்வழி விழும் பீலித் தண்ணீரின் கீழே.

சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோய் அவருக்கு வந்து வெகுகாலம். முதலில் அது பாதங்களைத்தான் எடுத்துக்கொண்டது. மலைப் பாதையில் அட்டை ஏறினால் தெரியாது, கடித்தாலும் தெரியாது. கடிபடுகிறவன் கண்டுகொள்ளாததில் அட்டைகளுக்கே மனசு விட்டுப்போய், ஆளைக் கண்டதும் ஒதுங்கிப் போகத் தொடங்கின என்று அழகன் சொல்லித் திரிந்தார். கை போனபோது அவர் கதை எதுவும் சொல்லவில்லை. அன்று பீலிக்கு அடியில் இரண்டு கைகளையும் நீட்டினார். இடது கை விறைத்து வலித்தது. வலது கை யாரோ ஒருவருடைய கைபோல, குளிரும் இல்லாமல் சூடும் இல்லாமல், சும்மா நனைந்துகொண்டிருந்தது. விரல்கள் மடங்கத்தான் செய்தன. ஆனால் அவை எதைப் பிடித்திருக்கின்றன, எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கின்றன என்ற செய்தி மேலே வரவில்லை.

கிளினிக்கில் டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார்.

"தெரியுதா?"

"தெரியுதுங்க."

குத்துவதை நிறுத்தினார். "இப்ப?"

"நல்லாத் தெரியுதுங்க."

டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்தார். "சீனி நரம்பைத் தின்னுட்டு வருது, ஐயா. வேலை செய்யிறது செய்யாதது உங்க இஷ்டம். இந்தக் கையை நெருப்புகிட்ட மட்டும் கொண்டு போயிராதீங்க."

வீட்டில் மனைவி பரிமளத்திடம் அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிப் போட்ட சோற்றில் மனிதன் நேராகக் கையை விட்டுப் பிசைந்தால், காலமெல்லாம் சமைத்துப் போட்டவளுக்குத் தெரியாமலா இருக்கும்.

"ஆறட்டுமே. அப்புறம் பெசைங்க."

"சூடாத் தின்னாத்தான் ருசி."

அதற்குப் பிறகு அவள் சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைத்தே கொண்டுவந்து வைத்தாள். அவரும் ருசியைப் பற்றிப் பேசவில்லை.

அழகன் ஒரு காலத்தில் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்தவர். அங்கே பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் சிந்தூரம் பூசிய கல் ஒன்று இருந்தது. அதுதான் ரோதை முனி. ரோதை என்றால் சக்கரம். சக்கரம் சுற்றுகிற இடமெல்லாம் அந்த முனிக்குச் சொந்தம். கொடுக்கவேண்டியதைக் கொடுத்தால் மெஷின் ஓடும். கொடுக்காவிட்டால் முனியே எடுத்துக்கொள்ளும். தொழிற்சாலையை மூடியபோது மெஷின்களை இரும்புக்கு விற்றார்கள். முனியை யாரும் கேட்கவில்லை. அழகன் கல்லைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பஜாருக்கு இறங்கினார். இறக்கத்தில் முனி இறங்கி நடந்து வந்ததாகவும், ஏற்றம் வந்தால் மட்டும் தூக்கச் சொன்னதாகவும் அவர் சொல்வதுண்டு. லெட்சுமணன் முதலாளியின் பலசரக்குக் கடைக்குப் பின்னால், முதலாளியின் நிலத்தில் நின்ற தகரக் கராஜின் மூலையில் முனி குடியேறியது. முனிக்குப் பக்கத்தில் அழகனும் குடியேறினார்.

எஞ்சினைத் திறப்பதற்கு அங்கே ஓர் ஒழுங்கு இருந்தது. முதல் நட்டைச் சோற்றுக்கையால்தான் கழற்ற வேண்டும். அது கழலாமல் மற்றொன்றைத் தொடக்கூடாது. கழன்றதைக் கல்லின்மேல் வைத்துவிட்டுத்தான் மிச்ச வேலை. எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு, கடைசியாக அந்த நட்டை, கழற்றிய அதே கை பூட்ட வேண்டும். பெண்கள் அந்தக் கல்லின் பக்கம் போவதில்லை.

வேறு கை பூட்டினால் என்ன ஆகும் என்பதைத் தோட்டமே அறியும். தொழிற்சாலையில் சுமன் என்று ஒருவன் பெல்ட் பகுதியில் வேலை செய்தான். ஒரு நாள் அவசரத்தில், அழகன் கழற்றி வைத்த முதல் நட்டை அவன் பூட்டினான். அன்று மத்தியானமே பெல்ட் அவனை இழுத்துக்கொண்டது. சக்கரத்திலிருந்து அவனை எடுத்தவர் அழகன்தான். நாலு பேர் கூடிக் கதை பேசும் இடத்தில் யாராவது சுமன் பெயரை எடுத்தால், அழகன் எழுந்து சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அவர் வாயில் கதையாகாமல் தப்பியது அது ஒன்றுதான்.

இந்த நிலையில்தான் லெட்சுமணன் முதலாளி தன்னுடைய பழைய மொரிஸ் மைனரைக் கடைப் பையன்களை விட்டுத் தள்ளச் சொல்லிக் கராஜுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்.

"கேஷிகாவோட அம்மா மணப்பொண்ணா வந்து எறங்கின வண்டி. அவ போய்ச் சேந்துட்டா. மக கல்யாணத்துக்கு இதுலதான் கோயிலுக்குப் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. ஹெட்டைத் தொறந்து புது கெஸ்கட் போட்டா ஓடும்னு லோஜன் சொல்றான்."

"லோஜன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

"அவன் ஹட்டன்லருந்து இங்க வந்து கராஜ் போட எடம் கேக்குறான். எயார் கன் வச்சிருக்கான். டர்ருங்குது, நட்டு கையில வருது."

"நட்டுக்கும் காது இருக்குங்களே மொதலாளி. அவ்வளவு சத்தம் போட்டா அதுவும் என்னா செய்யும்."

முதலாளி சிரிக்கவில்லை. அவர் சிரித்துப் பார்த்தவர்கள் பஜாரில் இல்லை. "நேத்து என் கடையில தேத்தண்ணி கிளாஸு ஒன் கையிலருந்து விழுந்துச்சு. அதுக்கு முந்தியும் விழுந்துச்சு. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், அழகன்."

"அந்தக் கிளாஸுக்கு அடி சரியில்லீங்க."

"அப்ப இதைக் கழட்டு. கழட்டிட்டேன்னா இந்த எடம் ஒனக்கு. நீ சாகுற வரைக்கும் நான் வாயத் தொறக்கமாட்டேன். முடியலேன்னா லோஜனுக்குச் சொல்லி அனுப்பிருவேன். கல்யாணத்துக்கு நாளு கெடக்குன்னு நெனைக்காத."

அவர் போன பிறகு அழகன் முனியைப் பார்த்தார். கராஜ் போனால் தனக்குத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பிரா இருக்கிறது. பரிமளம் கொழுந்து பறித்துக்கொண்டு வருவாள், தான் வாசலில் குந்தி மழையை எண்ணலாம். முனிக்கு அதுவும் இல்லை.

எஞ்சின் ஹெட்டை வரிசையாக நின்ற நட்டுகள் பிடித்திருந்தன. வண்டி எத்தனையோ மழைக்காலம் ஈரத்தில் நின்றது. நட்டுகள் கறுத்து, விளிம்பு உப்பி, பார்த்தால் எஞ்சினோடு பிறந்தவைபோல இருந்தன. அழகன் முன்மூலை நட்டில் ஸ்பேனரை மாட்டி, வலது கையால் பிடித்து, உடம்பைச் சாய்த்து இழுத்தார். ஸ்பேனர் நழுவியது. நழுவியது அவருக்குத் தெரியவில்லை. தகரத்தில் மோதிய சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். கை முட்டியில் தோல் போயிருந்தது.

மண்ணெண்ணெய் ஊற்றினார். டீசல் ஊற்றினார். பிரேக் எண்ணெய், பிறகு பரிமளம் தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெய். சுத்தியலால் தட்டிக் கொடுத்தார். இரவெல்லாம் ஊறட்டும் என்று விட்டுக் காலையில் வந்து மறுபடி இழுத்தார். நட்டு பிடிக்கிறதா, ஸ்பேனர் பிடிக்கிறதா, கை பிடிக்கிறதா என்று கண்ணால் பார்த்துப் பார்த்து இழுப்பவனுக்கு எந்த நட்டு கழலும். இடது கையில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. ஆனால் முதல் நட்டுக்கு அந்தக் கை ஆகாது. அதோடு, கராஜ் வாசலில் எப்போதும் யாராவது நின்றார்கள்.

நிற்கிறவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே.

"என்னா பாஸ், இன்னும் கழலலையா?" என்று பஸ் கண்டக்டர் கேட்டான்.

"நேத்து ஒரு ஆள் நீளத்துக்குப் பைப்பு போட்டுத் திருப்பினேன். நட்டு அசையல. வண்டிதான் மெதுவாச் சுத்தி, மூஞ்சிய உடப்புசல்லாவைப் பக்கம் வச்சுக்கிட்டு நின்னுச்சு. திருப்பி நேரா வைக்கப் பொழுது போயிருச்சு."

கண்டக்டர் அதை மன்றாசி வரைக்கும் கொண்டுபோனான். திரும்பி வரும்போது கதை கொழுத்திருந்தது. மூன்று ஸ்பேனர்கள் வளைந்துவிட்டன, ஒன்று அழுதது. நட்டுக்கு அடியில் வேர் இறங்கியிருக்கிறது, எஞ்சினைத் தாண்டி நிலத்துக்குள் போயிருக்கிறது. முதலாளிக்கு முன்னால் வண்டியை வைத்திருந்த வெள்ளைக்காரத் தொரை முனிக்கு ஒரு சேவல்கூடக் கொடுக்காமல் கப்பல் ஏறியவன். அந்தக் கோபத்தைத்தான் முனி நட்டில் வைத்து இறுக்கியிருக்கிறது. இந்தக் கடைசிச் செய்தியை அவிழ்த்துவிட்டவர் அழகன்தான். யாரோ திருப்பிக் கொண்டுவந்து தன்னிடமே சொன்னபோது, "அப்படியா, இருக்கும்" என்றார்.

இருக்கும் என்று சொன்ன பிறகு சும்மா இருக்க முடியாது. தோட்டத்துக் கோயில் பூசாரி வந்து நட்டைத் தொடாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் செஞ்சேவல் அறுத்துப் பூசை வைத்தால் முனி இறங்கும் என்றார். முதலாளியும் சரி என்றார். மகள் ஏறப்போகும் வண்டி.

"வெள்ளிக்கெழம எல்லார் முன்னாலயும் கழட்டு," என்றார் அவர் அழகனிடம். "நானும் வந்து நிக்கிறேன். லோஜனையும் வரச் சொல்லியிருக்கேன். ரெண்டுல ஒண்ணு அன்னைக்குத் தெரிஞ்சிரும்."

வியாழக்கிழமை சாய்ந்தரம் அழகன் பூசைக்குக் கற்பூரம் வாங்கப் பஜாருக்குப் போனார். பாதி வழியில் வெற்றிலைப் பையை மறந்தது ஞாபகம் வந்து திரும்பினார். மழைத் தூறல். கராஜின் முன்படங்குத் திரை பாதி இறங்கியிருந்தது. உள்ளே யாரோ இருந்தார்கள். படங்கின் கிழிசல் வழியாகப் பார்த்தார்.

பரிமளம். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறாள். இடுப்பில் படங்குச் சாக்கு இன்னும் கட்டியபடி இருந்தது. அவருக்குக் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரம் மேசைமேல் இருந்தது. அவள் மொரிஸ் மைனரின் முன்னால் குனிந்து நின்று, முன்மூலை நட்டில் ஸ்பேனரை மாட்டி, ஒரு பைப்பைச் செருகி, மார்பைக் கொடுத்து அழுத்தினாள். கிறீச் என்று ஒரு சத்தம். நட்டு திரும்பியது.

நாள்கணக்காக எண்ணெயில் ஊறிய நட்டு. உயிருள்ள எந்தக் கைக்கும் திரும்பக்கூடிய நட்டு.

அவள் அதை முழுதாகக் கழற்றவில்லை. ஒரு சுற்று வெளியே எடுத்துவிட்டு, மறுபடி உள்ளே கொண்டுபோய், கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன விரல்களாலேயே மெல்ல நிறுத்தினாள். அடுத்த நட்டு. அதற்கடுத்தது. பின்பக்கத்து நட்டுகளுக்கு எட்டவில்லை. ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு ஏறினாள். எல்லாம் முடிந்ததும் விரல் பட்ட இடங்களில் பழைய கரியை எடுத்துத் தடவினாள். பிறகு மூலைக்குத் திரும்பி, கல்லைப் பார்க்காமல், கல் இருந்த திசைக்கு ஒரு தரம் கும்பிட்டாள்.

அழகன் சத்தமில்லாமல் பின்வாங்கி, ரோட்டு வரைக்கும் போய், அங்கிருந்து நெஞ்சுச்சளி முழுவதும் வெளியே வருகிற மாதிரி இருமிக்கொண்டு வந்தார்.

"சாப்பாடு வச்சிருக்கேன்," என்றாள் பரிமளம். "ஆறித்தான் இருக்கு."

"எண்ணெய் வாசம் வருதே ஒங்கிட்ட."

"கராஜுக்குள்ள வந்தா வேற என்னா வாசம் வரும்."

அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். அவள் எதிரே நின்று அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கராஜுக்கு முன்னால் ரோடு தெரியாத கூட்டம். பெண்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம், தேயிலை விளிம்பில் நின்றார்கள். லோஜன் ஹட்டனிலிருந்து வந்து, முதலாளிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பூசாரி சேவலை அறுத்து, இரத்தத்தைக் கல்லில் விட்டு, சேவலைக் கொண்டுபோய்ச் சவுக்கு மரக் கிளையில் தலைகீழாகக் கட்டிவிட்டு வந்தார். நிறையப் பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

அழகன் ஸ்பேனரைத் துடைத்தார். முன்மூலை நட்டில் மாட்டினார். வலது கையை வைத்தார். விரல்கள் மூடியிருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். இழுத்தார். நட்டு எண்ணெயில் மிதப்பதுபோலத் திரும்பியது.

பூசாரியே ஒரு அடி பின்னால் போனார். அழகன் நட்டைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்தார். கண்ணை மட்டும் ரோட்டின் அந்தப் பக்கம் திருப்பாமல் பார்த்துக்கொண்டார். மற்றவை வரிசையாக வந்தன. லெட்சுமணன் முதலாளி தலையை ஆட்டினார். "பேச்சு பேச்சுதான். எடம் ஒனக்கு," என்றார். லோஜன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஹெட் மேலே வர, பக்கவாட்டில் புகைக்குழாயைப் பிடிக்கும் மெனிபோல்டையும் கழற்ற வேண்டும். அதன் அடி நட்டு பரிமளத்துக்கு எட்டாத இடத்தில் இருந்தது. எட்டியிருந்தாலும் பயனில்லை, அது உண்மையாகவே இறுகிய நட்டு.

"எயார் கன்னைக் கொண்டுவரவா, பாஸ்?" என்றான் லோஜன். மரியாதையாகத்தான் கேட்டான்.

"வேணாம் தம்பி, முனி தூங்குது. சூடு காட்டுனா வந்துரும்."

தீ பீய்ச்சும் புளோ லேம்பைப் பற்றவைத்து இடது கையில் பிடித்துக்கொண்டார். மெனிபோல்டின் அடிப்பக்கம் சிவக்கத் தொடங்கியது. சூடு ஏறும்வரை கூட்டத்தைச் சும்மா நிற்கவிடக் கூடாது என்று, வெள்ளைக்காரத் தொரையின் நாய் இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போய்த் தபால் போட்டுவிட்டு வந்த கதையை எடுத்தார். நாய்க்கு கியர் மாற்றத் தெரியாது, முழு வழியும் முதல் கியரில்தான் போனது என்றார். ஜனம் சிரித்தது. சிரிப்புக்கு நடுவே மணம் வந்தது.

"சாவல் வாசம் தூக்குதுடா," என்றான் கண்டக்டர்.

"முனிக்குப் போட்டது, வாசம் அப்படித்தான் இருக்கும்," என்றார் பூசாரி.

ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பரிமளத்தின் குரல் வந்தது. அவள் கத்தவில்லை. "சாவல் இன்னும் மரத்துலதான் தொங்குது."

எல்லாரும் மரத்தைப் பார்த்தார்கள். சேவல் தொங்கிக்கொண்டிருந்தது, இறகுகூடப் பிடுங்காமல். பிறகு ஒவ்வொருவராக அழகனைப் பார்த்தார்கள். நாயின் கதை நின்றது. எல்லார் கண்ணும் போன இடத்துக்கு அழகனின் கண்ணும் போனது. சாய்ந்து நிற்க வசதியாக எங்கோ ஊன்றியிருந்த அவருடைய வலது உள்ளங்கை, சிவந்த இரும்பின்மேல் இருந்தது. புகை மெலிதாக, ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

எந்த மனிதனும் கையை இழுத்துக்கொள்வான். அழகனுக்கு வலிக்கவில்லை, அதனால் யோசிக்க நேரம் இருந்தது. இப்போது பதறி இழுத்தால், இவ்வளவு நேரம் ஏன் தெரியவில்லை என்று ஊர் கேட்கும். அவர் புளோ லேம்பைக் கீழே வைத்தார். கையை மெதுவாகத் தூக்கினார். தோல் இரும்பிலேயே தங்கிவிட்டது. அந்தக் கையாலேயே ஸ்பேனரைப் பிடித்து, சூடேறிய அடி நட்டைத் திருப்பினார். அது வந்தது.

"நாய் திரும்பி வரக்குள்ள பெற்றோல் முடிஞ்சிருச்சு," என்றார். "எறங்கித் தள்ளிக்கிட்டு வந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் அந்தப் படம் வலப்பனைக்குப் போய்விட்டது. அழகன் பாஸின் கையை நெருப்பும் சுடாது என்று பேச்சு.

பரிமளம் அவரை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அதே டாக்டரம்மா. சீனிக்காரன் புண் எதற்கும் காத்திருப்பதில்லை. உள்ளங்கை கறுத்தது, பிறகு விரல்கள். மணிக்கட்டுக்கு மேலே வைத்து எடுத்துவிட்டார்கள். எடுத்ததை என்ன செய்தீர்கள் என்று அழகன் கேட்டார். எரித்துவிட்டோம் என்றார்கள். "அதுக்கு ஒண்ணும் தெரியாது," என்றார் அவர்.

கல்யாணத்துக்கு முதல் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே லெட்சுமணன் முதலாளி ஆள் வைத்திருந்தார். நேரே கராஜுக்குத்தான் கூட்டிப் போனார்கள். புது கெஸ்கட் போட்டு, ஹெட்டை வைத்து, எல்லாவற்றையும் லோஜன் பூட்டி முடித்திருந்தான். முன்மூலையில் ஒரு நட்டு மட்டும் இல்லை. அது காய்ந்த இரத்தத்தோடு கல்லின்மேல் இருந்தது. அதைத் தொட லோஜனுக்கும் கை வரவில்லை.

முனி சேவலுக்குப் பதிலாகக் கையைக் கேட்டு வாங்கிக்கொண்டது என்று ஊர் முடிவு செய்திருந்தது. அழகன் உள்ளே வந்ததும் ஜனம் விலகி வழிவிட்டது.

"கை போனா என்னா, ஆள் நீங்கதானே," என்றார் பூசாரி. "எடது கையால பூட்டுங்க. முனி பொறுத்துக்கும்."

"பூட்டு அழகன்," என்றார் முதலாளி. "காலையில புள்ள போகணும். எடம் ஒனக்குத்தான், அதுல மாத்தமில்ல."

கேஷிகா கடையின் பின்வாசலில், கையில் மருதாணியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழகன் இடது கையால் நட்டை எடுத்தார். லேசாகத்தான் இருந்தது. ஒரு திருப்புத் திருப்பினால் போதும். கராஜும் முனியும் சாகிறவரைக்கும் அவருடையவை. சக்கரத்திலிருந்து சுமனை எடுத்தபோது அவன் கையில் இதே மாதிரி எண்ணெய் இருந்தது. கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தான்.

அவர் நட்டை விரல்களுக்குள் மூடிக்கொண்டு ரோட்டின் அந்தப் பக்கம் திரும்பினார்.

"பரிமளம்," என்றார். "இங்க வா."

அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"வா புள்ள. கழட்டுன கைதானே பூட்டணும்."

கூட்டம் புரியாமல் பார்த்தது. அழகன் மாறாத குரலில் சொன்னார். "இதை நான் கழட்டல. என் கை செத்து நாளாச்சு. வெள்ளிக்கெழமைக்கு முதல் நாளு இவதான் வந்து எல்லாத்தையும் எளக்கி, திரும்பக் கையால திருகி வச்சா. நான் படங்கு ஓட்டையில பாத்துக்கிட்டு நின்னேன்."

பிறகு கண்டக்டர் சிரித்தான். அவன் பின்னால் எல்லாரும் சிரித்தார்கள். கையை வெட்டியும் வாய் குறையவில்லை என்றார்கள். கொழுந்து பறிக்கிற பொம்பளை முனியின் நட்டைக் கழற்றினாளாம். இதுவரை சொன்னதிலேயே இதுதான் பெரிசு என்றார்கள். சிரித்துச் சிரித்துப் பூசாரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பரிமளம் ரோட்டைத் தாண்டி வந்தாள். அவர் கையிலிருந்து நட்டை வாங்கினாள். கல்லைத் தாண்டும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நட்டை விரலால் ஓடவிட்டு, ஸ்பேனரை மாட்டி, பைப்பைச் செருகி, மார்பைக் கொடுத்து அழுத்தினாள். இறுகும்போது நட்டு அதே சத்தம் போட்டது. சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக அடங்கியது.

லெட்சுமணன் முதலாளி மட்டும் முதலிலிருந்தே சிரிக்கவில்லை. அவர் பரிமளத்தின் கையைப் பார்த்தார்.

"கழட்டினா எடம் ஒனக்குன்னுதான் சொன்னேன், அழகன்," என்றார். "நீ கழட்டல."

"அப்ப கழட்டுனவளுக்குக் குடுங்க," என்றான் லோஜன் மெதுவாக.

"பொம்பளைக்குக் கராஜ் குடுத்தா பஜாரு சிரிக்கும்," என்றார் முதலாளி. "லோஜன், நீ திங்கக்கெழம சாமானக் கொண்டா."

காலையில் மொரிஸ் மைனர் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. கேஷிகா பின்சீட்டில் நேராக உட்கார்ந்திருந்தாள். வண்டி எங்கேயும் நிற்கவில்லை, எதுவும் கழலவில்லை. போய் இறங்கித் தாலி கட்டிக்கொண்டு திரும்பியும் வந்தாள். திங்கட்கிழமை லோஜன் எயார் கன்னோடு வந்தான். முனியைத் தொட அவனுக்குப் பயம். அது மூலையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டான். நட்டைக் கழற்றும் சத்தம் லயம் வரைக்கும் கேட்டது.

அழகன் பீலிக்குப் போனார். பரிமளம் கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பும் நேரம். அவர் இடது கையை நீட்டினார். பழக்கதோஷத்தில் மற்றதையும் நீட்டினார். தண்ணீர் துணிக்கட்டின்மேல் விழாமல், அதற்கு அப்பால், முன்பு கை இருந்த, இப்போது ஒன்றுமில்லாத இடத்தில் விழுந்தது.

அவர் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என்னா?" என்றாள் பரிமளம்.

"கை வெறைக்குது."

"எந்தக் கை?"

அவர் துணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். அவள் கொஞ்ச நேரம் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள், கதை சொல்கிறாரா என்று. பிறகு கூடையை இறக்கி வைத்தாள்.